கல்கீரைக்கு எச்சில் ஆகாது

“வாயைக் கொப்புளிச்சிட்டு வந்து பேசுங்க மதினி. சரிவு பூராம் கசந்து போனதுக்கு உங்க வெத்தலை எச்சில்தான் காரணம்.”

“எங்கிட்ட வெத்தலை தீந்தே ஒரு மாசமாச்சு. இல்லாத வெத்தலையை எங்கிட்டுடி துப்புறது, உன் மூஞ்சியிலயா?”

தண்ணீர்த் தொட்டியடியில் ஈஸ்வரியும் ஒச்சம்மாளும் கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தினார்கள் என்றால் கீழே சொந்த ஊரான கம்பத்தில் கத்துவது மாதிரி அல்ல. இமயமலையில் அவ்வளவு உயரத்தில் காற்று மெலிசு; நாலு வார்த்தை உரக்கப் பேசினால் மூச்சு முட்டும். அதனால் எங்கள் குடியிருப்பான மேலக்கம்பத்துச் சண்டைகளில் ஒரு மரியாதை உண்டு. ஒருத்தி தன் வசவை முழுதாகச் சொல்லி முடித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவாள். மற்றவள் அதுவரை காத்திருந்து தன் முறைக்குப் பேசுவாள். குறுக்கே விழுந்து பேச யாருக்கும் திராணி கிடையாது. வேடிக்கை பார்க்கிற எங்களுக்கும் அது வசதி, ஒரு சொல் தவறாது.

ஈஸ்வரி எங்கள் மேஸ்திரி கம்பராயனின் மனைவி. அந்த உரிமையில், ஊர் நியாயம் எல்லாம் தன் வாய் வழியாகத்தான் வெளியே வரவேண்டும் என்று நினைப்பவள். ஒச்சம்மாள் அவளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் பெண்டாட்டி, உசிலம்பட்டியிலிருந்து கம்பத்துக்கு வாழ வந்தவள். புருஷன் போய்ச் சேர்ந்து நாளாகிறது. தொட்டியடிக் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். அவளிடம் ஒரு விஷயம் சொன்னால் உலை கொதிக்கும் முன் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஒரு பேர். அந்தப் பேரை அவளுக்கு வாங்கிக் கொடுத்த நாங்கள் என்னவோ வாயே திறக்காதவர்கள் மாதிரி.

நாங்கள் எல்லோருமே கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள். வெக்கை மலையேறி ஏலத்தோட்டங்களைக் கருக்கிய பிறகு, சரிவில் நின்று வேலை செய்யப் பழகிய ஆட்கள் வேண்டும் என்று ஒரு கம்பெனி எங்களை இங்கே கூட்டிவந்தது. இருபது வீடு, ஒரு தொட்டி, ஒரு சரிவு. சரிவு முழுக்கக் கல்கீரை. அது தரையோடு தரையாகப் பச்சைத் தலையணை போட்ட மாதிரி வளரும். பனிக்காட்டுச் செடி ஒன்றின் விதையை எடுத்து, கம்பெனி தன் கூடத்தில் வைத்துத் திருத்தி உண்டாக்கியது. கீழே கீரை என்கிற ஒன்றே முளைக்காத காலத்தில் அதற்கு இருந்த கிராக்கியைச் சொல்ல வேண்டியதில்லை.

அந்தச் செடியின் குணத்தை எங்களுக்கு விளக்கியவர் டாக்டர் எப்சிபா. நாசரேத் பக்கத்துப் பெண். செடிக்குத்தான் டாக்டர், ஆனாலும் தலைவலிக்கும் அவரிடம்தான் போவோம். வந்த முதல் வாரமே எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். இந்த மலையில் மொட்டை முயல் என்று ஒன்று உண்டு, கைப்பிடியளவுதான் இருக்கும், வால் கிடையாது. புத்தகத்தில் அதற்குப் பிகா என்று பேர். அது கடித்தால் இந்தச் செடிக்குத் தெரிந்துவிடும். காயத்தில் எச்சில் பட்டதும் இலையில் கசப்பை ஏற்றும். கூடவே ஒரு வாசனையை விடும். பக்கத்துச் செடி அதை மோந்துவிட்டுத் தானும் கசக்கும். அதன் வாசனையில் அடுத்தது. காட்டுச் செடிக்கு அந்தப் பேச்சு நாலைந்து முழத்தோடு நின்றுவிடும். கம்பெனிக்காரர்கள் அதைப் பத்தாதென்று கூட்டிவிட்டார்கள். இப்போது ஒன்றைக் கடித்தால் சரிவே கசக்கும். முயலும் எலியும் ஒரு தரம் வாய் வைத்துவிட்டு ஓடிப்போகும் என்று கணக்கு.

“நகத்தால கிள்ளுங்க, கத்தியால அறுங்க, அதுக்குக் கவலை இல்ல. எச்சில்தான் ஆகாது” என்றார்.

எங்கள் ஆட்களுக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. எச்சில் பார்க்கிற செடி. தம்ளரைத் தூக்கிக் குடிக்கிற குடும்பத்தில் பிறந்த செடி. சாமிக்குப் பொங்கல் வைக்கும்போது வாயைத் துணியால் கட்டிக்கொள்வது போலவே எல்லோரும் வாய்க்கட்டுக் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கினோம். கம்பெனி போட்ட சட்டம் இரண்டுதான். முயலோ பூனையோ எந்தச் சிறு பிராணியும் குடியிருப்பில் இருக்கக் கூடாது. குழந்தையும் இருக்கக் கூடாது. மெலிந்த காற்றில் பிறக்கிற பிள்ளைக்குத் தாங்கள் பொறுப்பேற்க முடியாதாம். அதனால் உண்டாகிறவள் நாலாம் மாதம் குடும்பத்தோடு கீழே இறங்கிவிட வேண்டும்.

இரண்டாவது சட்டத்தில்தான் எங்களுக்கு ஒரு பொத்தல் இருந்தது.

பம்பு பார்க்கிற சுருளிவேலின் பெண்டாட்டி சுடர்மதி உண்டானபோது யாரிடமும் சொல்லவில்லை. அவள் அக்காள் கீழே பெற்ற பிள்ளை முதல் கோடையிலேயே வெக்கை தாங்காமல் போயிருந்தது. ஐந்து கம்பளி போட்டுக்கொண்டு திரிகிற ஊரில் வயிற்றை மறைப்பது ஒரு கஷ்டமா. பனி விழுந்து பாதை மூடிய சமயத்தில் வலி எடுத்தது. சுருளிவேல் ஓடிப்போய் எப்சிபாவை அழைத்துவந்தான். செடி டாக்டர் கையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூவரும் வாயைத் திறப்பதில்லை என்று பேசிக்கொண்டார்கள்.

பாவம், அவர்கள் அப்படி நினைத்துக்கொண்டார்கள். அடுத்த வீட்டுக்காரிக்கு அழுகைச் சத்தத்தில் தெரிந்தது. அதற்கடுத்த வீட்டுக்காரி, அடுப்புக்கு மேலே காய்ந்த துணியின் அளவைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். ஈஸ்வரி பால்பொடி டப்பா ஒன்றை முந்தானைக்குள் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்து, ‘எனக்குத் தெரியும்னு உன் புருஷன்கிட்டக்கூடச் சொல்லாத’ என்று சத்தியம் வாங்கினாள். இப்படியே ஒவ்வொரு வீடும். எல்லோருக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது. அந்தக் குழந்தைக்கு மூன்று வீட்டில் மூன்று பேர். தேனு என்றும் குட்டிமா என்றும் கூப்பிட்டால் திரும்பும். பெற்றவள் வைத்த பேர் கௌமாரி.

சுடர்மதி அதைக் கம்பளிக்குள் கட்டிக்கொண்டே களை எடுக்கப் போவாள். வளர்கிற பிள்ளையை வீட்டில் தனியே விட முடியாது. பல் முளைக்கிற பருவம். ஒரு நாள் அவள் குனிந்து களை பிடுங்கிய நேரத்தில் குழந்தை முகத்தை வெளியே நீட்டி, கண்ணெதிரே இருந்த பச்சைத் தலையணையில் வாயை வைத்துவிட்டது. அவள் பதறி இழுத்துக்கொண்டாள். அன்றோடு அது முடிந்தது என்றுதான் இருந்தாள்.

சரிவில் அங்கங்கே கம்பு நட்டுக் கம்பெனி ஒரு பெட்டியை மாட்டி வைத்திருந்தது. நாங்கள் அதை மூக்குப்பெட்டி என்போம். செடி விடுகிற வாசனையை வைத்து, கடித்தது பூச்சியா குளம்புக்காலா சிறு பிராணியா என்று சொல்லும். மூன்றாம் நாள் அது ‘சிறு பிராணி’ என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டது. அதற்குள் பாதிச் சரிவு கசந்து, அந்தக் கசப்பு மேடேறிக்கொண்டிருந்தது. ஒரு இலையை வாயில் போட்டால் வேப்பங்கொழுந்தே தேவலை என்றிருக்கும். கீழிருந்து உத்தரவு வந்தது. அடுத்த லாரி வருவதற்குள் பிராணியையும் அதை வளர்த்தவரையும் பிடித்துக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் வீடு வீடாகச் சோதனை. சோதனையிலும் கிடைக்காவிட்டால் சரிவை உழுதுவிட்டு எல்லோரையும் இறக்கிவிடுவார்கள்.

அன்றிலிருந்து ஊரில் ஒருவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. காரணம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதை யாரிடமும் சொல்ல முடியாது. கடித்தது சுடர்மதியின் கம்பளிக்குள் இருந்ததுதான் என்று ஒவ்வொருவரும் ஊகித்திருந்தோம்; சோதனை வந்தால் முயல் கிடைக்காது, பிள்ளை கிடைக்கும். ஆகவே ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். ஒருவர் காற்று என்றார், ஒருவர் பனி ஓநாய் என்றார். ஈஸ்வரி வெற்றிலை எச்சிலைப் பிடித்துக்கொண்டாள். தொட்டியடிச் சண்டையின் மூலம் அதுதான். அவளுக்கு ஒச்சம்மாள் மேல் பழைய கோபமும் உண்டு. ஒரே கல்லில் இரண்டு காய் விழுந்தால் வேண்டாம் என்றா சொல்வாள்.

எப்சிபா வந்து இருவரையும் விலக்கினார். வெறுமே துப்பினால் ஒன்றும் ஆகாது, காயத்தில் எச்சில் பட வேண்டும் என்று எடுத்துச் சொன்னார். பிறகு கடிபட்ட இடத்துக்குப் போய், கண்ணாடி வைத்து ஓர் இலையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். அதைக் கிள்ளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவர் முகம் ஒரு மாதிரி ஆனதை நாங்கள் கவனித்தோம். கேட்கத்தான் தைரியமில்லை.

லாரி வருகிற நாள் காலையில் கம்பெனி ஆட்கள் இருவர் முன்னதாகவே ஜீப்பில் வந்துவிட்டார்கள். எல்லோரையும் தொட்டியடியில் நிற்கவைத்து, சோதனையைத் தொடங்கப் போவதாகச் சொன்னார்கள். சுடர்மதி தன் வீட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை வீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. சுருளிவேல் அன்றும் பம்பை நிறுத்தாமல் ஓட விட்டிருந்தான், பிள்ளை அழுதால் வெளியே கேட்கக் கூடாதென்று.

அப்போதுதான் ஒச்சம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“யார் வீட்டுக்குள்ளயும் போக வேண்டாம். மொட்டை முயலை நான்தான் வளத்தேன். நேத்து அடிச்சுக் குழம்பு வச்சுத் தின்னுட்டேன்.”

கம்பெனி ஆட்களில் ஒருவன், எலும்பு எங்கே என்று கேட்டான்.

“கைப்பிடியளவு முயல்ல எலும்பு என்ன எலும்பு. அதையும் மென்னுட்டேன்.”

அவள் சொன்னதை அவர்கள் எப்சிபாவிடம் உறுதி கேட்டார்கள். எப்சிபா தன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, கடித்தது மொட்டை முயல்தான், அது செத்துவிட்டது என்றால் இனிக் கவலையில்லை என்று சொன்னார். ஈஸ்வரிக்கும் தெரியுமே, கடித்தது யார் என்று. எங்கள் எல்லோருக்கும் தெரியுமே. ஒரு பொல்லாத கிழவி ஒரு பச்சைப்பிள்ளைக்காகப் பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்கிறாள் என்று ஒவ்வொருவருக்கும் தோன்றியது. தோன்றியும் எல்லோரும் சும்மாதான் நின்றோம்.

சோதனை நின்றது. ஒச்சம்மாளைக் கீழ்முகாமுக்கு அனுப்புவதென்று முடிவானது. மலையடிவாரத்தில் கீரையைக் கட்டிப் பெட்டியில் அடுக்குகிற கொட்டகை அது. தகரக்கூரை, மழைக்காலத்தில்கூட அனல் அடிக்கும். மேலே தப்புச் செய்கிறவர்களைத் தள்ளுகிற இடம்.

சாமான் ஏற்றுகிற தவசியின் லாரியிலேயே அவளும் போகவேண்டும். தவசி உத்தமபாளையத்துக்காரர், பெண்டாட்டியை இழந்தவர். மாதம் ஒரு தரம் அரிசியும் ஊர்ச்சேதியும் கொண்டுவருபவர். ஒச்சம்மாள் ஒரு மூட்டையோடு ஏறும்போது ஊரே வழியனுப்ப வந்தது. அவள் எங்களை விநோதமாகப் பார்த்தாள். தனக்காக இத்தனை பேர் அழுவார்கள் என்று அவள் கனவிலும் நினைத்திருக்க மாட்டாள். சுடர்மதி காலில் விழுந்தாள். அவளையும் எழுப்பிவிட்டு, சட்டென்று ஈஸ்வரியின் கையில் தன் வீட்டுச் சாவியைத் திணித்தாள்.

“நீதான் போகணும். வேற யாரையும் விட்ராத. சீக்கிரம் போ.”

ஈஸ்வரி அந்தச் சாவியைக் குத்திக்காட்டல் என்று எடுத்துக்கொண்டாள். பழி சொன்னவள் கையிலேயே வீட்டைக் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்று. அதனால் அந்தக் கதவைத் திறக்க அவளுக்குக் கை வரவில்லை. நாலு வாரம் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, எங்கள் வீடுகளுக்கெல்லாம் வந்து மூக்கைச் சிந்தினாள். அந்த நாலு வாரத்தில் ஊரே ஒச்சம்மாளைப் பற்றி நல்லதாகப் பேசியது. இருந்தவரை ஒரு நாள் அப்படிப் பேசியிருந்தால் மனுஷி மலைத்துப் போயிருப்பாள். பேச்சுவாக்கில் ஒவ்வொருத்தியாக, ‘பிள்ளை விஷயம் எனக்கும் தெரியும்’ என்று ஒப்புக்கொண்டோம். எனக்கு மட்டும்தான் என்று எல்லோரும் நினைத்திருந்தது தெரிந்தபோது, சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

கடைசியில் ஒரு மத்தியானம் ஈஸ்வரி கதவைத் திறந்தாள். திறந்ததும் உள்ளேயிருந்து ‘கீச்’ என்று ஒரு சத்தம். அவள் போட்ட கூச்சலில் நாங்கள் ஓடினோம். கட்டிலுக்கு அடியில் சிறிய வைக்கோல்போர் மாதிரி காய்ந்த இலைக் குவியல். அதன் உச்சியில் வாலில்லாத ஒரு உருண்டை, காதை விறைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தது. கொழுகொழுவென்று இருந்தது.

குழம்பில் வெந்த முயல்.

எப்சிபாவைக் கூட்டிவந்தோம். அவர் கட்டிலடியில் தலையை விட்டு வெகுநேரம் பார்த்தார். சுடர்மதியும் குழந்தையை வெளிப்படையாகவே இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“இது எப்பிடி டாக்டரம்மா உயிரோட இருக்கு? ஒரு மாசமாச்சே ஆள் போய்” என்றாள் ஈஸ்வரி.

“இதுங்க குளிருக்குன்னு இலையைச் சேத்து வைக்கும்மா. அதுவும் கசப்பு இலையாப் பாத்துத்தான் சேக்கும். கசப்பு இருக்கிற வரைக்கும் இலை அழுகாது. மாசம் போகப் போகக் கசப்பு இறங்கிரும், அப்புறம் எடுத்துத் தின்னும். அவங்க கிள்ளிக் கொடுத்ததை எல்லாம் இது போராப் போட்டிருக்கு.”

“அப்ப சரிவுல கடிச்சது இதுதானா?”

எப்சிபா சட்டைப் பையிலிருந்து அந்த இலையை எடுத்தார். வாடிச் சுருண்டிருந்தது.

“மொட்டை முயல் கடிச்சா கத்தரிக்கோல் வச்ச மாதிரி துண்டா அறுந்துரும். இது அறுபடலை. கீழ் வரிசையில ரெண்டே ரெண்டு பல்லு பதிஞ்சிருக்கு. மேல பல்லே இல்ல, வெறும் ஈறு.” அவர் குழந்தையைப் பார்க்கவில்லை. “அன்னைக்கே எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சுமா முயல்தான்னு சொன்னீங்க?”

“அவங்க தெரிஞ்சே பழி ஏத்துக்கறாங்கன்னு நினைச்சேன். நீங்க எல்லாரும் அப்பிடித்தானே நினைச்சீங்க?”

அங்கேதான் எங்கள் எல்லோருக்கும் கணக்கு உதைத்தது. அவள் பிள்ளைக்காகப் பொய் சொன்னாளா, இல்லை முயலுக்காகவா? சோதனை போட்டால் தன் முயல் மாட்டிக்கொள்ளும் என்றுதான் முந்திக்கொண்டு தின்றுவிட்டேன் என்றாளா? வெளியே போய்க் கடித்தது தன் முயல்தான் என்று அவளே நம்பியிருந்தாளா? அவளுக்குப் பிள்ளை விஷயம் தெரியும் என்று யார் சொன்னது? நான் சொல்லவில்லை என்றாள் ஒருத்தி. அவளிடம் போய் எப்படிச் சொல்வது, ஊருக்குச் சொல்லிவிடுவாளே என்றாள் இன்னொருத்தி. ‘எதிர் வீடாச்சே, தெரியாமலா இருக்கும்னு நினைச்சேன்’ என்றான் சுருளிவேல். ஆனால் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் இரவும் பகலும் பம்பு ஓடுகிறது, பிள்ளையின் அழுகை எங்கே கேட்கப்போகிறது. அதை ஓட்டுகிறவனே அவன்தான்.

பதில் தவசியின் லாரியில் வந்தது. அவரைத் தொட்டியடியில் மடக்கி, ஒச்சம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டோம். தகரக் கொட்டகையில் இரண்டு தரம் மயங்கி விழுந்ததைச் சொன்னார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டே மற்றதைச் சொன்னார்.

“டீக் குடிச்சிட்டிருக்கும்போது சும்மா பேச்சுக்கு, ‘சுடர்மதி புள்ள தவழ ஆரம்பிச்சிருச்சு’ன்னேன். கிளாஸைக் கீழ வச்சிருச்சு. ‘எந்தப் புள்ள?’ன்னு கேட்டுச்சு.”

தவசிக்கும் தெரிந்திருக்கிறது பாருங்கள்.

“அப்புறம்?”

“எல்லாத்தையும் சொன்னேன், இலையைக் கடிச்சது அந்தப் புள்ளைதான்னும். முயல் ஒண்ணும் பண்ணலைன்னு கேட்டதும் ஒரு மாதிரி சிரிச்சுச்சு. அப்புறம், ‘அத்தனை வீட்டுல ஒருத்திக்குக்கூட எங்கிட்டச் சொல்லத் தோணலையா’ன்னு மட்டும் கேட்டுச்சு.”

அன்று சாயங்காலம் எல்லோரும் தொட்டியடியில் கூடினோம். செய்ய வேண்டியது என்னவென்று எல்லோருக்கும் தெரிந்தது. ஒச்சம்மாள் குற்றமில்லாதவள் என்று கம்பெனியிடம் சொன்னால் அவளை மேலே விடுவார்கள். அதைச் சொன்னால் பிள்ளையைச் சொல்ல வேண்டும். கீழே கோடை ஆரம்பித்திருந்தது.

சுடர்மதிதான் முதலில் பேசினாள். “நான் இறங்கிப் போறேன். அடுத்த லாரிக்கு.”

சுருளிவேல் கோபத்தில் பம்புச் சாவியைத் தரையில் எறிந்தான். உன் அக்கா பிள்ளை என்ன ஆச்சு என்று மறந்துபோச்சா என்று கேட்டான். அவள் மறக்கவில்லை என்றாள். அந்தக் கொட்டகையில் வேறொருத்தி விழுந்து கிடக்கும்போது இங்கே உட்கார்ந்து சோறு ஊட்ட முடியவில்லை என்றாள். நாங்கள்? போ என்று சொல்ல எங்களுக்கு மனசு வரவில்லை. போகாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சாதாரண நாளில் யார் வீட்டு ரசத்தில் உப்பு கூடினாலும் கருத்துச் சொல்கிற கூட்டம், அன்று அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஈஸ்வரி மட்டும் தவசியிடம் தனியாகப் போய், சுடர்மதி பிள்ளையோடு இறங்கப் போகிறாள் என்று ஒச்சம்மாளிடம் சொல்லச் சொன்னாள். மன்னிப்பும் கேட்கச் சொன்னாளாம். அவள் வாயில் அந்தச் சொல் வந்ததைக் கேட்ட ஒரே ஆள் தவசிதான்.

அடுத்த ஒரு மாதம் ஊரில் யாருக்கும் தூக்கம் சரியில்லை. சுடர்மதி துணிகளை மடித்து மூட்டை கட்டுவாள், பிரிப்பாள், மறுபடி கட்டுவாள். சரிவு முழுதும் உச்சிவரை கசந்துவிட்டது. கம்பெனி அதை விற்க முடியாமல் விட்டுவிட்டு, சரிவு தேற ஒரு வருஷம் தவணை கொடுத்தது. நாங்கள் முயலைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். கசப்பு இலையை அறுத்துக் காயப்போட்டுப் போர் போட்டு வைத்தோம். பல மாதம் கழித்துப் பின்பனியில் எடுத்துக் கடைந்தால், வாயில் வைக்கிற மாதிரி இருந்தது.

லாரி வந்த அன்று சுடர்மதி பிள்ளையோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக நின்றாள். தவசி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. ஜன்னல் வழியாகவே சொன்னார்.

“நீ ஏற வேண்டாம் தாயி. ஒச்சம்மா சொல்லிவிட்டிருக்கு. ‘அந்தப் பச்சமண்ணைத் தூக்கிக்கிட்டு இந்த வெக்கைக்குள்ள வந்தாள்னா நான் மொகத்துலயே முழிக்க மாட்டேன். முயலை வளத்தது நான், தின்னது நான். யார் கேட்டாலும் அதான்’னு சொல்லுச்சு.”

சுடர்மதி மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

முதல் தரம் ஒச்சம்மாள் சொன்னது முயலுக்காக. நாங்கள்தான் அதற்கு என்னவோ பேர் வைத்து அழுதோம். இப்போது பிள்ளை இருப்பது தெரிந்து, முயல் கடிக்கவில்லை என்பதும் தெரிந்து, அதே பொய்யை மறுபடி சொல்லி அனுப்பியிருக்கிறாள். இந்தத் தடவை யாருக்கும் அழத் தைரியம் வரவில்லை.

“எனக்கு ஏதாச்சும் சொல்லுச்சா?” என்று ஈஸ்வரி கேட்டாள்.

“உனக்குன்னு இல்ல. அந்த ஊர்ல எவளும் எனக்கு எதையும் சொல்லி அனுப்ப வேண்டாம்னு சொல்லுச்சு.” அவர் கியரைப் போட்டார். “முயல் தின்னுதான்னு மட்டும் கேட்டுச்சு.”

தின்கிறது என்று சொல்லியனுப்பினோம்.

அதற்கப்புறம் ஊரில் சிலர் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். எப்சிபா வேலையை விட்டுவிட்டு, கம்பெனி கை வைக்காத வேறொரு மலைக்குப் போய்விட்டார். அங்கே பழைய செடியையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி, அந்த நாலைந்து முழத்தோடு பேச்சை நிறுத்திக்கொள்கிற செடியை. சுருளிவேல் குடும்பம், பிள்ளை பேச ஆரம்பித்ததும், குழந்தைகளுக்குத் தடையில்லாத இன்னொரு மேட்டுக் குடியிருப்புக்கு இடம் மாறியது. அதுவரை கீழே சொந்தக்காரர் வீட்டில் வளர்ந்த ஈஸ்வரியின் மகள் அங்கேதான் ஒரு தச்சனைக் கட்டிக்கொண்டாள். முயல் ஈஸ்வரியின் கட்டிலுக்கு அடியில் இரண்டு குளிர்காலம் இருந்துவிட்டுச் செத்தது. அவள் அதை யாருக்கும் சொல்லாமல் புதைத்தாள், அதுவும் எங்களுக்குத் தெரியும்.

தவசிதான் ஒரு கோடையில் சரக்கு இறக்கும்போது ஆளே மாறியிருந்தார். சட்டையில் எல்லாப் பித்தானும் இருந்தது. தலையில் எண்ணெய். தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டால் மொச்சைக் குழம்பு வாசனை, உசிலம்பட்டிக் கைப்பக்குவம். நாங்கள் விடுவோமா. சுற்றி நின்று துளைத்தெடுத்த பிறகு, கல்யாணம் முடிந்து ஒரு வருஷமாகிறது என்றார். கீழ்முகாமை விட்டுவிட்டு இருவரும் மேட்டுப் பாதையில் காற்றோட்டமான இடமாகப் பார்த்து வீடு எடுத்துவிட்டார்களாம். யாரோடு என்று நாங்கள் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

“ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே? மாசா மாசம் வர்றீங்களே” என்று ஈஸ்வரி கேட்டாள்.

தவசி தூக்குவாளியை மூடினார்.

“உங்க யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லிருச்சு.”